பறவைகட்கோர் தண்ணீர்ப் பந்தர்



முப்பத்திரண்டு அறங்கள் என நம் முன்னோர் வகுத்துரைத்தவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஓதுவார்க்கு உணவும், நோய்க்கு மருந்தும், அறவைப்பிணஞ் சுடுதலும், தண்ணீர்ப் பந்தரும், தடமும், காவும் அவற்றுள் அடங்கும். அவற்றோடு ஒருங்கே பசுவுக்கு வாயுறை, ஆவுரிஞ்சுதறி, விலங்கிற்கு உணவு என்பனவும் எண்ணப்பட்டன. முதுகு தினவெடுத்த ஆவொன்று உராய்ந்துகொள்ளுதற்கு ஒரு தறி நட்டுவைப்பதும், பசித்த மக்கட்குச் சோறிடுவதனோடு ஒருவரிசையில் வைத்து எண்ணத்தக்க அறமே என்று துணிந்த உள்ளம் எத்தகைய உள்ளம்! காஞ்சியின்கண் உமையம்மையார் இருநாழி நெற்கொண்டு இவ்வறங்கள் முப்பத்திரண்டனையும் வளர்த்தருளினார் என்பது புராண வரலாறு. பொருளின் அளவு சிறிதாயினும் அறம் குறைவுபடாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இவ்வறங்களின் இனத்தைச் சார்ந்ததாய், செல்வமும் ஏவலாளரும் இன்றியே இல்லறத்தார் யாவரும் தத்தம் புழைக்கடையில் இயற்றத்தக்க ஒன்றைப்பற்றி ஈண்டுச் சில சொல்லப் புகுந்தாம். அது, பறவை முதலிய வாயில்லா உயிர்கட்குக் குடிநீர் வைத்தல்.

இஃதொரு பொருளாமோ? சித்தாந்த நுட்பங்களை ஆராயும் தாளிகையில் மண்சட்டியும் காக்கையும் வருவானேன்? இவ்வாறு வினவுவார் உளராவர். திருக்கோயிலில் அலகிடுதலையும் மெழுக்கிடுதலையும் சரியைத் தொண்டாகக் கொண்ட நெறி நம்முடையது. துடைப்பமும் சாணமும் அந்நெறியிற் பொருளாயின. மண்சட்டி மாத்திரம் ஆகாதொழிதற்குக் காரணம் யாம் அறியேம்.

முற்காலத்தே இவ்வறத்தைத் தனியே எடுத்துச் செய்யவேண்டிய தேவை குறைவாக இருந்தது. கிணற்றடியில் ஒரு தொட்டி இருக்கும். அதனின்று வழிந்த நீர் வாழைப்பாத்தியிற் பாயும். கன்றும் குருவியும் தேரையும் அவ்வழியே தம் நீர்வேட்கையைத் தணித்துக்கொள்ளும். ஒருவரும் அறமென்று கருதிச் செய்யாமலே அறம் நடந்துகொண்டிருந்தது. இந்நாளிலோ கிணறு மூடப்பட்டது. நீர் குழாயில் வந்து குழாயிலேயே போகின்றது. முற்றத்து மண்ணைச் சிமிட்டி மூடிற்று. ஏரிகளும் பல மனைகளாயின. சென்னையில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச்செய்தே 1920-களில் தியாகராய நகர் என்னும் பகுதி எழுந்தது. அவ்வேரியில் நீருண்ட புள்ளினங்கள் எங்கே போயின என்று வினவினார் அந்நாளில் எத்துணைப் பேரோ! நாம் எடுத்துக்கொண்ட நீரில் ஒரு கையளவைத் திருப்பி வைத்தலைக் கொடை என்பதினும் கடன் என்பதே பொருந்தும்.

கோடையில் நண்பகற் பொழுதில் காக்கை அலகைத் திறந்தபடி மரக்கொம்பில் அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பறவைகட்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. நமக்குத் தோல்வழியே வெளிப்படும் வெப்பம் அவற்றிற்கு வாயின்வழியே மூச்சோடும் ஈரத்தோடும் வெளிப்படவேண்டும். ஆகவே வெயில் மிகுந்தோறும் அவற்றின் உடல்நீர் குறைகின்றது. குறைந்ததை ஈடுசெய்தற்கு நீர் வேண்டும். தேனீக்கள் நீரைக் கொணர்ந்து கூட்டினுள்ளே துளிதுளியாகப் பரப்பி, சிறகால் விசிறிக் கூட்டைத் தண்ணிதாக்குகின்றன. அணிலும் ஓணானும் கீரியும் தத்தம் இயல்புக்கேற்ப நீரை நாடுகின்றன. இவையெல்லாம் இயற்கைநூலார் கண்டுரைத்தவை.

இனி, இவ்வறத்தின்மேல் எழும் தடைகளை நோக்குவாம். "நீர்வேட்கையால் வாடுதல் அவ்வுயிர் முன்செய்த வினையின் பயனன்றோ? அதனை நுகர்ந்து கழித்தலே அதற்கு நன்மையாயிருக்க, நாம் இடைபுகுதல் எற்றுக்கு?" என்பது ஒன்று. இங்ஙனங் கூறுவார் வினையின் இலக்கணத்தை ஒருபாதியே அறிந்தவராவர். வினை சடம், அது தானே சென்று தன் பயனை ஊட்டமாட்டாது. இறைவன் தன் ஆணையால் இருவினைக்கு ஈடாக உயிர்களைச் செலுத்துகின்றான் என்பது சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அவ்வுயிர்க்கு வேட்கையைக் கூட்டியவன் அவனாயின், அதனைத் தணிக்கும் நீரைக் கூட்டுவிப்பவனும் அவனே. அந்நீரும் அதன் நல்வினைப் பயனாய் இருத்தல் கூடும். எது எவ்வளவென்று அளந்தறிதல் நம்மாலாவதன்று. நாம் அறியத்தக்கது ஒன்றே. கண்ணெதிரே ஓருயிர் வாட, அதனை நீக்கும் ஆற்றல் தமக்கிருந்தும் நீக்காதொழிதல் புதியதோர் ஆகாமிய வினையாய் நம்மேல் ஏறும். தம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, வினை கழியட்டும் என்று மருத்துவரை அழையாதிருந்தார் எவரையும் யாம் இதுகாறும் கண்டிலேம். வினைக்கொள்கை பிறர் துன்பத்தின்கண் மாத்திரம் நினைவுக்கு வருமாயின், அதற்குப் பெயர் கொள்கையன்று.

திருவாரூரில் கன்றையிழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, மனுநீதிச் சோழனுடைய அமைச்சர்கள் மறைவழிக் கழுவாய் செய்து அமையலாமெனக் கூறினர். அரசன் இசைந்திலன். பசுவின் துயரைத் தாயொருத்தியின் துயரோடு ஒப்பவே அவன் நிறுத்தான். அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என்னும் நால்வகைத் தோற்றத்தும் புகுந்து உழலும் உயிர் தன்னியல்பில் ஒருதன்மைத்தே. காக்கையின் உடலில் நின்ற உயிர்க்கும் நம் உயிர்க்கும் ஆணவப் பிணிப்பு ஒன்றே. மாயையாற் கிடைத்த உடலும் கருவியும் வேறு; அவ்வளவே. நேற்று நாம் எவ்வுடலில் இருந்தோம் என்பதை எவரறிவார்?

மற்றொரு தடை நூல்கற்ற நம்மவரிடத்தே எழுவது. ஆகலின் அதனைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். "புண்ணியம் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இருவகைத்து. முன்னது போகத்தைத் தந்து தீர்ந்தொழியும். பின்னதே பக்குவத்தைப் பயந்து வீட்டிற்கு வழியாகும். குருவிக்கு நீர் வைத்தல் பசுபுண்ணியமே. அதன் பயனை நுகர்தற்கு மீளவும் ஒரு பிறவி வேண்டப்படும். சிவபூசை செய்யும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு அதனைச் செய்வதில் யாது பயன்?" என்பர் அவர்.

இவ்வினா நன்று. இதனை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையாகாது. புண்ணியத்தின் வகை செயலின் உருவத்தால் மட்டும் அறுதிபெறுவதன்று. செய்வான் கருத்தும் அதன்கண் நின்று வகை செய்யும். தன் பெயர் கல்லில் விளங்கவேண்டுமென்று திருக்குளம் வெட்டுவித்தான் ஒருவன் செய்தது, குளம் சிவனுடையதாயினும், பசுபுண்ணியத்தின் அளவில் நிற்கும். இவ்வுயிரும் சிவனுக்கு உடைமை, இந்நீரும் அவன் கொண்ட திருமேனி, வைக்கும் கையும் அவன் தந்தது என்னும் உணர்வோடு ஒருவன் வைத்த நீர் அவனையே சென்று சேரும். நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டனையும் இறைவன் தனக்கு மூர்த்தமாகக் கொண்டான் என்பது ஆகம வழக்கு. நண்பகலில் நும் புழைக்கடைக் கலத்தின் அருகே சற்று நின்று நோக்குமின். மண்ணாலாகிய கலம், அதிலுள்ள நீர், மேலே காயும் ஞாயிறு, குடிக்க வந்திருக்கும் உயிர் என நான்கு மூர்த்தங்கள் ஒருங்கே எதிர்ப்படுகின்றன. உயிரே சிவமென்பார் கூற்றை இதனால் யாம் உடன்பட்டேமல்லேம். உயிர்க்குயிராய் அவன் உடனின்றருளும் நிலை பற்றியே கூறினாம் என்க.

புறப்பூசைக்குரிய மலர்களேயன்றி அகப்பூசைக்கு எட்டு மலர்கள் ஓதப்பட்டன. கொல்லாமையும் அருளும் அவற்றுட் சேர்ந்தவை. ஆகவே பூசை செய்வான் உயிரிரக்கத்தைப் பூசைக்கு வேறான ஒன்றாகக் கருதி நேரத்தைப் பங்கிட வேண்டுவதில்லை. திருமஞ்சனக் குடம் நிரப்பும்பொழுதே புழைக்கடைக் கலத்தையும் நிரப்பிவிடலாம்.

திருவானைக்காவை நினைமின். ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியது அது. அங்கே வெண்ணாவலின்கீழ் எழுந்தருளிய பெருமானுக்குத் துதிக்கையால் நீர் முகந்து வந்து ஆட்டியது ஒரு யானை. சருகு வீழாதபடி மேலே வலையிழைத்தது ஒரு சிலந்தி. இவ்விரண்டன் தொண்டையும் இறைவன் ஏற்றருளினான். சிலந்தி கோச்செங்கட் சோழராகப் பிறந்தது. விலங்கு முகந்து வந்த நீரை நீருருவாகிய இறைவன் விரும்பி ஏற்ற தலத்தின் பெயரை நாள்தோறும் சொல்லுகின்ற நாம், ஒரு விலங்கு நம் வாயிலில் நீர்நாடி வருங்கால் அதற்குக் காட்டுவது யாது?

திருவிளையாடற் புராணத்து நாரையின் வரலாறும் இவ்விடத்து எண்ணத்தக்கது. அந்நாரை வாழ்ந்த குளம் மழையின்மையால் வற்றிற்று. இடம்பெயர்ந்து முனிவர்கள் ஆடும் பொய்கையை அடைந்தது. அப்பொய்கையின் தூய்மை நோக்கி, அதிலுள்ள மீனை உண்ண மனங்கொள்ளாதாயிற்று. பின்னர் மதுரையை அடைந்து பொற்றாமரையில் மூழ்கி வழிபட்டு முத்தி பெற்றது. முத்திக்கதையாகவே இதனைக் கேட்டு மகிழ்கின்றோம். கதையின் தொடக்கம் வற்றிய குளம் என்பதை மறந்துவிடுகின்றோம். அந்நாரையைப் போல இடம்பெயர்ந்து வரும் உயிர்கள் இன்று நம் தெருக்களின்மேல் பறந்துகொண்டிருக்கின்றன.

அக்கினி நட்சத்திரக் காலமாகிய சித்திரை இறுதி, வைகாசி முற்பகுதியில் சிவாலயங்களிலே இலிங்கத் திருமேனியின்மேல் தாராபாத்திரம் தொங்கவிட்டு இடையறாது நீர் துளிக்கச் செய்கின்றோம். இறைவனுக்கு வெப்பமும் இல்லை, தட்பமும் இல்லை. நம் அன்பு அவ்வழியே வெளிப்படுகின்றது. அவ்வன்பு மெய்யாயின், வெப்பமும் வேட்கையும் உள்ளபடியே உடைய உயிர்களிடத்தும் அது ஒருசிறிது வழிந்தோடுதல் வேண்டுமன்றோ? காக்கைக்குச் சோறு வைத்தபின் உண்ணும் வீடுகள் நம் நாட்டில் மிகப்பல. அச்சோற்றின் அருகே ஒரு கிண்ணம் நீர் வைத்த வீடுகள் யாம் கண்டவரையிற் சிலவே. முன்னோர் வந்து உண்பர் என்னும் எண்ணத்தால் இடும் சோறு அது. முன்னோர்க்கு நீர்வேட்கை இராது என்று கருதினார் போலும்!

நீருக்கு மக்களே தவிக்குங்காலத்தில் இது தகுமோ எனின், தகும். 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வற்றின. சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொணரப்பட்டது. அத்தகைய காலத்தும் ஒரு சிறு கலத்திற்கு வேண்டுவது ஓராள் முகங்கழுவும் நீரினும் மிகுதியன்று. நமக்குக் குழாயும் வண்டியும் உண்டு. அவற்றிற்கு அவை இல்லை.

இனிச் செய்யும் முறை. இதனை இங்கே விரித்துக் கூறுதற்குக் காரணமுண்டு. முறையறியாது வைத்த நீர் உயிரைக் காவாது, மாய்க்கவும் கூடும். பூசையில் மந்திரம் பிழைத்தாற் கழுவாய் உண்டு. தொட்டியில் வீழ்ந்து இறந்த அணிற்பிள்ளைக்கு என்ன கழுவாய்?

கலம் அகன்று தாழ்ந்ததாக இருக்கவேண்டும். நீரின் ஆழம் ஓர் அங்குலத்தினின்று இரண்டங்குலத்தளவே போதும். மண்ணாலாகிய, வழவழப்பில்லாத தட்டு மிக நன்று. கால் வழுக்காது, நீரும் தண்ணென்றிருக்கும். உலோகக் கலம் வெயிலிற் சுடும். கலத்தின் நடுவே நீருக்கு மேலே தலைநீட்டும்படி சில கூழாங்கற்களை இடுக. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அவற்றின்மேல் நின்று மூழ்காமற் குடிக்கும். பறவைகளிற் பெரும்பாலன அலகில் நீரை மொண்டு தலையை அண்ணாந்து விழுங்கும். புறாவினமோ அலகை நீரில் அமிழ்த்தியபடியே உறிஞ்சும். ஆழமில்லாத அகன்ற கலம் இருதிறத்தார்க்கும் பொருந்தும். போத்தலை அறுத்துக் கம்பியிற் கட்டித் தொங்கவிடுவாரும் உளர். வாய்குறுகி ஆடிக்கொண்டிருக்கும் கலத்தில் சிறுபுள் அமர்தல் அரிது. ஆழ்ந்த தொட்டியோ மூடியில்லாத கிணறோ இல்லிலிருப்பின், ஒரு பலகையையோ சொரசொரப்பான கழியையோ சாய்த்து வைக்க. வீழ்ந்த உயிர் பற்றியேறிப் பிழைக்கும்.

இடம் நிழலுள்ளதாயும், அருகே மரக்கிளை உடையதாயும் இருக்கவேண்டும். ஆயின் அடர்ந்த புதரை ஒட்டி வைத்தலாகாது. பூனை பதுங்கியிருந்து பாயும். நீருண்ணவந்த உயிரைப் பூனைக்கு இரையாக்குவது அறமாகாது. நிலத்தில் வைக்குங் கலம் தேரை, ஓணான், கீரி முதலியவற்றுக்கு உதவும். பறவைகட்கு இடுப்பளவு உயரத்தில் வேறொன்று வைத்தல் நலம். பாம்பு வருமே என அஞ்சுவார், நிலத்துக் கலத்தை வீட்டுவாயிலுக்கு எட்டத்தே வைத்து, விறகும் கல்லும் குவியாதபடி சுற்றிலும் துப்புரவு செய்துகொள்க. நீரில் சர்க்கரை, உப்பு, மஞ்சள் முதலிய எதனையும் கலத்தல் வேண்டா. சோற்றையும் கலத்தினருகே சிந்தவேண்டா; எலி சேரும்.

தூய்மையே இவற்றுள் தலையாயது. பறவைகள் அந்நீரில் குடிப்பதோடு நீராடவும் செய்யும், எச்சமும் இடும். ஒன்றன் நோய் மற்றொன்றற்கு நீர்வழியே தொற்றும். புறாக்களின் தொண்டையைப் பற்றிக் கொல்லும் நுண்ணுயிர்நோய் இவ்வாறு பரவுவதே. ஆகலின் நாடோறும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுநீர் வார்க்க வேண்டும்; கோடையில் இருமுறை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசுக் கொசு நீர்மட்டத்தை ஒட்டிய கலத்தின் உட்சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் நீர் வற்றியபின்னும் பல திங்கள் உயிரோடிருக்கும்; நீர் பட்டதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாளளவிற் கொசுவாகும். நீரைக் கொட்டுவதால் மட்டும் அவை ஒழியா. தேங்காய்நாரும் சாம்பலுங்கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வாரத்தில் ஒருநாள் நல்ல வெயிலிற் காயவைத்தல் வேண்டும். கலம் இரண்டாக இருப்பின் ஒன்று காயும்போது மற்றொன்று பயன்படும்.

எம் இல்லத்து வேம்பின்கீழ் வைத்த கலத்திற்குத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வருகின்றன. சில நீராட, ஒன்று மேற்கிளையிலிருந்து காவல் செய்யும். செம்போத்து தனித்தே வரும். மைனாக்கள் ஆரவாரித்து நீரையெல்லாம் இறைத்துவிடும். இவற்றைக் காண்டல் இனிது. ஆயினும் நம் பாவனை மெய்யோ என்று அறியும் இடம் இதுவன்று. கிளியும் மயிலும் வந்தால் மகிழ்ந்து, காக்கை வந்து எலும்பை நனைத்துப் போட்டால் கல்லெடுத்து ஓட்டுவோமாயின், நாம் வைத்த நீர் நம் கண்ணின்பத்திற்கு வைத்ததே. தெருநாயும் குளவியும் தேரையும் குடிக்கத்தக்க நீராக அஃது இருத்தல் வேண்டும். திருவிளையாடலிற் கரிக்குருவிக்கு மந்திரம் உபதேசித்த பெருமான், பிற பறவைகளாற் குத்துண்டு நொந்த எளிய புள்ளையன்றோ தேர்ந்துகொண்டான்!

திங்களூரில் அப்பூதியடிகள் அமைத்த தண்ணீர்ப் பந்தரில் அவர் பெயர் இல்லை. தாம் அதுகாறும் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரே எங்கும் விளங்கியது. இக்காலத்தோ சட்டியொன்று வைத்து, அதனோடு தாமும் நின்று படமெடுத்து, ஊரெல்லாம் அனுப்புகின்றனர். 2010-ஆம் ஆண்டு முதல் மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாளைச் சிட்டுக்குருவி நாளென்று கொண்டாடுகின்றனர். அந்நாளில் மண்தட்டுக்களை இலவசமாக வழங்குதலும் உண்டு. நற்செயலே; குறைகூறுகின்றேமல்லேம். ஆனி பிறந்தபின் அத்தட்டுக்கள் எந்நிலையில் உள்ளன என்று சென்று பார்ப்பாரும் வேண்டும் என்பதே எம் கருத்து. ஓரிடத்தில் நீருண்டு பழகிய உயிர் மறுநாளும் அதை நம்பி வெயிலில் நெடுந்தொலைவு பறந்துவரும். வந்த இடத்தில் வறண்ட சட்டியைக் காணின், அது வேறிடம் தேடுதற்கும் வலியற்றிருத்தல் கூடும். பத்துக் கலம் வைத்துப் பத்து நாளிற் கைவிடுதலினும், ஒரு கலத்தை ஆண்டு முழுதும் காத்தல் மேல். கோயிலில் நித்திய பூசை ஒருநாளும் முட்டுப்படலாகாது என்று விதித்தவர்கள், விழாவை அதன்பின்னரே வைத்தனர்.

யாத்திரை செல்வோர் தம் ஆன்மார்த்த மூர்த்தியை உடன்கொண்டு செல்வர். புழைக்கடைக் கலத்தை உடன்கொண்டு செல்லுதல் இயலாது. பக்கத்து இல்லத்துப் பிள்ளைகளிடம் அதனை ஒப்புவித்துச் செல்க. பெரியோர் மறப்பர், பிள்ளைகள் இத்தகையவற்றை மறவார். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்து எங்கும் நீர் தேங்கிக் கிடக்கும்பொழுது கலத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தலே தக்கது. மழை ஓய்ந்து பாத்திகள் உலரத் தொடங்கியதும் அதனை நிமிர்த்தி, கூழாங்கற்களை மீண்டும் இட்டு, நீர் வார்க்க.